உரிமைக்கும் கடைசித் தேதி உண்டு

பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண், அலுவலகக் குழுவிடம் புகார் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 3 மாதம். மருத்துவரின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையத்தை நாட 2 ஆண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்வரும் சாதிக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காலக்கெடுவே கிடையாது. இந்தியச் சட்டங்களில் உரிமைகள் தாராளமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் உரிமைக்கும் தனி வாசல், தனிக் கெடு, தனி ஆதாரம். அநீதி நடந்த சூட்டில் யாரும் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. சட்டமோ அதைத்தான் முதலில் பார்க்கிறது.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கொல்கத்தா வழக்கு இதற்குக் கசப்பான சான்று. சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர்மீது ஆசிரியை ஒருவர் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். கடைசியாகத் தொல்லை நடந்ததாக அவர் குறிப்பிட்டது 2023 ஏப்ரல். புகார் கொடுத்தது அதே ஆண்டு டிசம்பர். சட்டப்படியான 3 மாதமும் கடந்து, தாமதத்துக்குக் காரணம் காட்டிப் பெறக்கூடிய இன்னொரு 3 மாதமும் கடந்திருந்தது. இடையில், ஆகஸ்டில், தான் வகித்த பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டதும் அந்தத் தொல்லையின் தொடர்ச்சிதான் என்று அவர் வாதிட்டார். அது நிர்வாக நடவடிக்கை, பாலியல் தொல்லையோடு சேராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற விசாரணைக்கே வழியில்லாமல் புகார் முடிந்தது. துணைவேந்தர் தன் தன்விவரக் குறிப்பில் இந்தத் தீர்ப்பைச் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பழிவாங்கல் நடவடிக்கை தொடர்கிறது, ஆகவே கெடுவும் நீளும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து என்பதை இந்த வழக்கு காட்டுகிறது.

அலுவலகத்துக்குள் ஒரு விசாரணை மன்றம்

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டத்தின் வேர் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் இருக்கிறது. மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற களப்பணியாளராக இருந்த பன்வாரி தேவி, 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் கீழமை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்யப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததற்கு வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா என்று கேட்டுப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு வழங்கிய விசாகா தீர்ப்பு, சட்டம் வரும்வரை நடைமுறையில் இருக்க வேண்டிய நெறிமுறைகளை வகுத்தது. சட்டம் வர மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013இல் நிறைவேறி, அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். தொண்டு நிறுவனத்திலிருந்தோ இத்துறை அறிந்தவர்களிலிருந்தோ ஒருவர் வெளியாள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். தவறு தொடர்ந்தால் அபராதம் இரட்டிப்பதோடு தொழில் உரிமமே ரத்தாகலாம். 10 பேருக்குக் குறைவான கடைகள், பட்டறைகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், முதலாளியே தொல்லை கொடுத்தவராக இருக்கும் இடங்கள் ஆகியவற்றுக்கு மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு. காகிதத்தில் இருந்த இந்தக் குழுக்கள் பல இடங்களில் நடைமுறையில் இல்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. 2024 டிசம்பரில், மாவட்ட அலுவலர்களை நியமிக்கவும் உள்ளூர்க் குழுக்களை அமைக்கவும் மாநிலங்களுக்குத் தேதி குறித்து உத்தரவிட்டது. சட்டம் வந்து 11 ஆண்டுக்குப் பிறகும் இந்த நிலை என்பது அரசுகளுக்குப் பெருமை அல்ல.

பணியிடம் என்பது நான்கு சுவருக்குள் அடங்கியதல்ல. வேலை நிமித்தம் போகும் ஊர், வாடிக்கையாளரின் அலுவலகம், நிறுவனம் ஏற்பாடு செய்த வேன் எல்லாமே சட்டத்தின் பார்வையில் பணியிடம்தான். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், பயிற்சியாளர், சம்பளம் வாங்காமல் வேலை கற்பவர் என்ற பேதமும் இல்லை. இசைந்தால் பதவி உயர்வு, மறுத்தால் இடமாற்றம் என்று சொல்வதும், சொல்லாமல் உணர்த்துவதும் தொல்லைக்குள் அடங்கும். இந்தச் சட்டம் பெண்களுக்கானது. ஆண்கள் இதன்கீழ் புகார் கொடுக்க முடியாது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் மட்டும் மாணவர்களுக்கும் பாதுகாப்பு தருகின்றன.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு பிரதிகள், கையிலிருக்கும் ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி. எழுத இயலாதவருக்கு எழுதித் தருவது குழுவின் கடமை. தொல்லை பலமுறை நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம் கணக்கு. ஆகவே நாள், நேரம், இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைப்பதும், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைப்பதும் பின்னால் மிகப் பெரிய பலம். சமரசம் பேசலாம், ஆனால் பெண் தானாகக் கேட்டால் மட்டுமே, பணம் கைமாறாமல் மட்டுமே. குழுவின் முன் இரு தரப்பும் வழக்கறிஞரை அழைத்துவர முடியாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். 10 நாளில் அறிக்கை. 60 நாளில் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதே தன்னையோ எதிர்தரப்பையோ வேறிடத்துக்கு மாற்றும்படி பெண் கேட்கலாம். 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பலர் அறியாதது இழப்பீட்டுப் பிரிவு: மன உளைச்சல், கைநழுவிய வேலை வாய்ப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் குற்றவாளியின் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கக் குழு பரிந்துரைக்கலாம்.

பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்ற விதியைக் காட்டியே பல பெண்கள் மிரட்டப்படுகிறார்கள். அந்த விதியிலேயே அடுத்த வரி இருக்கிறது: புகாரை நிரூபிக்க முடியாமல் போனதால் மட்டும் அது பொய்ப் புகாராகிவிடாது. கெட்ட எண்ணம் இருந்ததைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும்.

குழுவின் கெடு கடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. காவல் நிலையம் தனி வாசல். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவின்படி, விருப்பமின்றித் தொடுவது, பாலியல் இசைவு கேட்பது, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆபாசமாகப் பேசுவதற்கு 1 ஆண்டு வரை. தண்டனையின் அளவைப் பொறுத்தே குற்ற வழக்கின் காலக்கெடுவும் அமையும் என்பதால், முதல் வகைக்கு 3 ஆண்டும் இரண்டாம் வகைக்கு 1 ஆண்டும் அவகாசம் இருக்கிறது. குழுவிடம் போனவர் காவல் துறைக்கும் போகலாம்; காவல் துறைக்குப் போக விரும்பும் பெண்ணுக்கு உதவுவது நிறுவனத்தின் சட்டக் கடமை.

திண்டுக்கல் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் அங்குள்ள ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருக்குத் தொல்லை கொடுத்துவந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட மேற்பார்வையாளர் கைதானார். அதையடுத்து தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் அதன் தோழமை அமைப்புகளும் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும், அங்கே துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனத்தோடும் கையெழுத்திட்டதுதான் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. பாலினத் தொல்லையோடு சாதித் தொல்லையையும் அது சேர்த்துத் தடுக்கிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களை நியமிக்கிறது. புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்ற பயத்துக்குச் சட்டம் தராத பதிலை ஒரு தொழிற்சங்கம் எழுதி வாங்கியிருக்கிறது.

சாதியும் பாகுபாடும்

பாகுபாடு என்று வரும்போது இந்தியச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் என எந்தக் காரணத்தாலும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று தனியார் முதலாளிகளையும் வீட்டு உரிமையாளர்களையும் பொதுவாகக் கட்டுப்படுத்தும் ஒரே சட்டம் இங்கே கிடையாது. அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்கு மட்டும். கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் ஒதுக்குவதைத் தனியாருக்கும் தடை செய்கிறது 15(2). தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். மற்றதெல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது: மாற்றுத் திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம், எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம், கருவுற்ற பெண்களுக்கு 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு (2025 நவம்பர் வரை 1961ஆம் ஆண்டு மகப்பேறு சலுகைச் சட்டம்). பேறுகால விடுப்பிலிருக்கும் பெண்ணை வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம். மூன்றாவது பிள்ளை என்று சொல்லித் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுக்கப்பட்ட பேறுகால விடுப்பை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது.

சாதியைப் பொறுத்தவரை கையிலிருக்கும் வலுவான கருவி, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1955இலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. பின்னர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. ஆனால் அதில் தண்டனை ஒன்று முதல் ஆறு மாதம் வரைதான். வன்கொடுமைச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பொது வழியையும் நீர்நிலையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது, செருப்பணியவோ இருசக்கர வாகனம் ஓட்டவோ விடாமல் தடுப்பது, கோயில் நுழைவைத் தடுப்பது, ஊர் விலக்கு வைப்பது ஆகியவற்றையும் சேர்த்து, 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்றது. ஒரே சம்பவத்துக்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிறது என்பதில் அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. மனுவில் சட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதிக் கேட்பது அதனால்தான் முக்கியம்.

தமிழகக் காவல் நிலையங்களில் புகாருக்கு முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். எனும் மனு ரசீது. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. வன்கொடுமைப் புகாரில் முன்விசாரணை தேவையில்லை என்று சட்டத்தின் 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்விசாரணையைப் புகுத்தியபோது நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து நாடாளுமன்றம் கொண்டுவந்த பிரிவு அது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியாக இருக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை. கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவின்கீழ் சிறைத் தண்டனை உண்டு. காவல் நிலையம் வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் மனு, அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம். பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை தீர்ப்பு வரும்வரை காத்திருக்காது. வழக்குப் பதிவு, குற்றப்பத்திரிகை, தண்டனை எனக் கட்டம் கட்டமாக வர வேண்டும். எதிரி ஜாமீன் கேட்கும்போது பாதிக்கப்பட்டவரின் பேச்சையும் நீதிமன்றம் கேட்டாக வேண்டும்.

இந்த வழக்குகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியது 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2025 ஜனவரியில், லால்குடியைச் சேர்ந்த வழக்கில், வருவாய்த் துறை அலுவலருக்கு அவரது அறையில் நேர்ந்த அவமதிப்பைச் சக ஊழியர்கள் பிறகு வந்துதான் அறிந்தார்கள் என்பதால் அது பொதுப் பார்வையில் நடக்கவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. மூடிய அறையில் விழுந்த சொல்லும் அதே அளவு சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் இன்றிருக்கும் நிலையில், யார் யார் கண்டார்கள், எங்கிருந்து கேட்டார்கள் என்பதை முதல் புகாரிலேயே எழுதியாக வேண்டும்.

மருத்துவமனை வாசலில்

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பது ஒரு காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. வராது என்றே சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. 1995 நவம்பர் 13 அன்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரும் என்றது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் விலக்கு. சிலரிடம் கட்டணம், சிலருக்கு இலவசம் என்று நடக்கும் இடத்தில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோர்தான். 2024இல் இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டுமா என்ற பேச்சு எழுந்து, தேவையில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் அடங்கியது.

சிகிச்சை பலிக்காததெல்லாம் கவனக்குறைவு ஆகாது. அதே துறையின் சராசரித் திறமையுள்ள மருத்துவர் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விட்டாரா, செய்யத் துணியாததைச் செய்தாரா என்பதே அளவுகோல். இரண்டு முறைகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்து, அது தோற்றால் அவர்மீது பழியில்லை. 2005இன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு குற்ற வழக்குக்கு இன்னும் உயர்ந்த படியை வைத்தது: மோசமான, அப்பட்டமான கவனக்குறைவு இருக்க வேண்டும், வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தும் வேண்டும். காவல் நிலையத்தில் கூட்டம் கூடி மருத்துவரைக் கைது செய்யச் சொல்வதால் இழப்பீடு கிடைத்துவிடாது. பணம் நுகர்வோர் ஆணையத்தில். மருத்துவரின் பதிவு மாநில மருத்துவக் கவுன்சிலில். சிறை குற்றவியல் நீதிமன்றத்தில். மூன்றும் வெவ்வேறு.

எங்கே போனாலும் முதலில் வேண்டியது கேஸ் ஷீட். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது; மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, ஒப்புதல் படிவம் எல்லாமும் வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. ஒப்புதல் படிவத்தைச் சும்மா விடக் கூடாது. லேப்ராஸ்கோபி சோதனைக்குச் சம்மதித்த பெண்ணின் கருப்பையையே அகற்றிய வழக்கில், அதற்குத் தனிச் சம்மதம் வாங்காதது தவறு என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2 ஆண்டு எப்போது தொடங்கும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1993இல் பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் பஞ்சுத் துணி தங்கிவிட்டது. வலி நிவாரணி தின்றே காலம் தள்ளிய அவருக்கு 2002இல்தான் உண்மை தெரிந்தது. ஆனாலும், செவிலியரான அவர் இத்தனை ஆண்டு வலியோடு இருந்தும் அறுவை செய்த மருத்துவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டு, 2011இல் வழக்கைக் காலங்கடந்தது என உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தெரிந்த நாள் மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய நாளும் கணக்கில் வரும்.

கெடுவுக்குள் வந்தவர்களுக்கும் பாதை நீளம்தான். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்டில், 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் பெற்றோரிடம் சொல்லவில்லை, குழந்தை பார்வையிழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. வாழ்நாள் முழுக்க ஆகும் மருத்துவச் செலவையும் விலைவாசி ஏற்றத்தையும் கணக்கிட்டு, 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. கொல்கத்தா மருத்துவமனையில் மனைவிக்கு அளிக்கப்பட்ட தவறான சிகிச்சைக்கு எதிராக மருத்துவர் குணால் சாஹா நடத்திய வழக்கில், 2013இல் கிடைத்தது ஏறக்குறைய 5 கோடியே 96 லட்சம். மனைவி இறந்தது 1998இல்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை; ஆனால் மருத்துவ வழக்கில் அறிந்தவர் துணை இல்லாமல் நிற்பது கடினம்.

அந்தத் துணைக்குப் பணம் இல்லாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று காட்டாமலே இலவச வழக்கறிஞர் பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அந்த வழக்கறிஞரே தேதியைத் தவறவிட்டால்? உச்ச நீதிமன்றத்தின் 2024 மே 14 தீர்ப்புக்குப் பிறகு வழக்கறிஞர்கள்மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. தொழில் ஒழுங்கு மீறலுக்குத் தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கவுன்சில் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரை நீக்கலாம். ஓராண்டுக்குள் அங்கே முடிவு வராவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். இழந்த பணத்தைக் கேட்க வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றம்தான் இடம்.